‘ஃப்ரீ லெஃப்ட்’: யார் தந்த உரிமை?

சிவப்பு விளக்கு எரிந்தால் வாகனம் நிற்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் பெற வருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியும் அதுதான். எவரும் தவறாகப் பதில் சொல்லாத கேள்வியும் அதுதான். ஆனால், அதே நபரிடம் இடப்புறம் திரும்புவதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. தலைநகர் தில்லியிலேயே பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது. நிற்க வேண்டும் என்பார் ஒருவர். நிற்கத் தேவையில்லை என்பார் இன்னொருவர். பலகை இருந்தால் போகலாம் என்பது மூன்றாமவர் பதில். தடைப் பலகை இல்லையென்றால் போகலாம் என்பது நான்காமவர் பதில். கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் முற்றிலும் நேர்மாறானவை.

‘ஃப்ரீ லெஃப்ட்’ என்ற சொல் இந்திய நகரங்கள் அனைத்திலும் புழங்குகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கென்றே பலகைகள் உண்டு. பலகை இல்லாத சந்திப்புகளில் பழக்கமே பலகையாகிவிடுகிறது. சிவப்பு விளக்கைக் கண்டு இடப்புறத் தடத்தில் ஒழுங்காக நிற்பவர்தான் பின்னால் வருவோரின் ஹாரன் ஒலிக்கு ஆளாகிறார். சட்டத்தை மதிப்பவர் குற்றவாளியைப் போலக் கூசி, வண்டியை ஓரடி முன்னே நகர்த்தி வழிவிடுகிறார். அந்த ஓரடியில் நிறுத்தக் கோடு போய்விடுகிறது. அடுத்த ஓரடியில் பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளும் போய்விடுகின்றன.

இந்தச் சலுகையை வழங்கியது யார்? நாடாளுமன்றம் வழங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 119-ஆவது பிரிவு தெளிவானது. கட்டாயப் போக்குவரத்துக் குறிகளுக்கும், மத்திய அரசு வகுக்கும் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளுக்கும் இணங்கவே வாகனம் ஓட்ட வேண்டும். மின்சார சிக்னல் கருவி தரும் உத்தரவுகள் அனைத்துக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று அது கூறுகிறது. இடப்புறம் திரும்புவோருக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. கட்டாயக் குறிகள், எச்சரிக்கைக் குறிகள், தகவல் குறிகள் என மூன்று பகுதிகளாக அச்சட்டத்தின் முதல் அட்டவணை பட்டியலிடுகிறது. இடப்புறம் கட்டாயம் திரும்ப வேண்டும் என்பதற்கு அதில் குறி உண்டு. திரும்பக் கூடாது என்பதற்கும் உண்டு. நகராட்சிப் பெயின்டர் தகரத்தில் எழுதிவைக்கும் ‘ஃப்ரீ லெஃப்ட்’ அதில் இடம்பெறவில்லை.

1989-ஆம் ஆண்டு முதல் 28 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த சாலை விதி ஒழுங்குமுறைகளும் இத்தகைய தாராளத்தைக் காட்டவில்லை. சந்திப்பையோ பாதசாரிகள் கடக்கும் இடத்தையோ நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்குள்ளவர்களின் பாதுகாப்புக்குக் கேடு நேராது என்று தெளிவான பின்னரே உள்ளே நுழைய வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று கூறுகின்றன.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வந்தது? பெருமளவுக்கு அரசு அமைப்புகளிடமிருந்தே வந்தது. தடைப் பலகை இல்லாவிட்டால் சிவப்பிலும் இடப்புறம் திரும்பலாம், ஆனால் பாதசாரிகளிடம் கவனமாக இருந்து பிற வாகனங்களுக்கு வழிவிட வேண்டும் என்ற பொருள்படும் வாசகம், சில நகரங்களின் போக்குவரத்துக் காவல் துறையினர் வெளியிட்ட கையேடுகளில் நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. வாசகத்தின் முதல் பாதி மக்கள் மனத்தில் தங்கியது. ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் இருந்த பாதி தங்கவில்லை.

நிர்வாகத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. இயந்திர வாகனங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35-ஆவது இனம். காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. சாலைகளும் மாநிலப் பட்டியலிலேயே உள்ளன. தேசிய நெடுஞ்சாலைகள் மட்டும் மத்திய அரசிடம். தில்லியில் இது இன்னும் சிக்கல். போக்குவரத்துக் காவல் துறை மத்திய உள்துறையின் கீழ் இயங்குகிறது. சாலைகளோ பொதுப்பணித் துறை, புது தில்லி மாநகராட்சிக் குழு, தில்லி மாநகராட்சி, தில்லி வளர்ச்சி ஆணையம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எனப் பலர் கையில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே சந்திப்பின் நான்கு சாலைகளுக்கு இரண்டு மூன்று உரிமையாளர்கள் இருப்பது இங்கு வியப்பல்ல. விளக்கை மாட்டுபவர் ஒருவர். கோட்டை வரைபவர் வேறொருவர். அபராதம் வசூலிப்பவர் மூன்றாமவர். விபத்து நேர்ந்தால் மூவருமே பொறுப்பில்லை.

இது வெறும் விதிச் சிக்கல் என்றால் சட்ட வல்லுநர்களிடம் விட்டுவிடலாம். இதன் மறுபுறம் நிற்பவர் நடந்து செல்பவர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது, ஐந்தில் ஒருவர். தில்லியில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்; தலைநகரின் சாலைகளில் உயிரிழப்போரில் 40 சதவீதத்தை ஒட்டியவர்கள் நடந்து சென்றவர்களே என்று காவல் துறையின் விபத்து அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. தமிழகம் ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. அதே 2022-இல் 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்கு. 17,884 உயிரிழப்புகளுடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

இவர்களில் எத்தனை பேர் சந்திப்புகளில் இடப்புறம் திரும்பிய வாகனங்களால் அடிபட்டவர்கள் என்று தேடினால் பதில் கிடைக்காது. அமைச்சகத்தின் அட்டவணையில் அதிவேகம், குடிபோதை, தவறான திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசி, ‘இதர காரணங்கள்’ என்ற தலைப்புகள்தான் உண்டு. இடப்புறத் திருப்பத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று நம்பித் திரும்பியவர் சிவப்பு விளக்கை மீறியவராகப் பதிவு செய்யப்படுவாரா என்பது வழக்குப் பதிவு செய்யும் காவல் நிலைய அதிகாரியின் எண்ணத்தைப் பொறுத்தது. கணக்கில் வராத மரணம் கொள்கையிலும் வராது.

சந்திப்பின் இயக்கத்தைச் சற்றுக் கவனித்தால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும். தெற்கிலிருந்து வரும் சாலைக்குச் சிவப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிழக்கு, மேற்கு வாகனங்கள் ஓடுகின்றன. தெற்குச் சாலையைக் குறுக்கே கடக்க விரும்பும் பாதசாரிக்கு அதுதான் நேரம். அவருக்காக வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இந்த நேரத்தில் இடப்புறம் திரும்புபவர் என்ன செய்கிறார்? அவர் மேற்குச் சாலையில் நுழைய வேண்டும். அங்கே வலப்புறத்திலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, வாகனங்கள் விரைந்து வருகின்றன. எனவே அவர் கண் வலப்பக்கம் இருக்கிறது, இடைவெளி தேடுகிறது. பாதசாரியோ இடப்பக்க நடைபாதையிலிருந்து காலெடுத்து வைக்கிறார். ஓட்டுநர் பார்க்கும் திசையும் ஆள் வரும் திசையும் நேரெதிர். ஓட்டுநர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தெற்குச் சாலைக்குப் பச்சை எரியும்போதாவது நிம்மதி உண்டா? இல்லை. அப்போது அதே இடப்புறத் திருப்பம் மேற்குச் சாலையைக் கடப்பவரின் குறுக்கே வருகிறது. ஆக, சிவப்பில் ஒரு சாலையிலும் பச்சையில் இன்னொரு சாலையிலும் என்று, நடப்பவருக்கு வாகனமே வராத ஒரு நொடிகூட அந்தச் சந்திப்பில் கிடைப்பதில்லை. 24 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க 20 நொடி ஆகும். கைத்தடி ஊன்றியவருக்கும் குழந்தையை அழைத்துச் செல்பவருக்கும் அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். பார்வையற்றவரின் நிலை தனி. வாகன ஓசை அடங்கியதும் சாலையில் இறங்குவதே அவருடைய வழி. ‘ஃப்ரீ லெஃப்ட்’ உள்ள சந்திப்பில் ஓசை அடங்குவதே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. பொது இடங்களும் போக்குவரத்தும் அவர்கள் எளிதில் அணுகும் வகையில் இருக்க வேண்டும் என்று அது ஆணையிடுகிறது.

தில்லியின் அகலச் சாலைகளில் இந்தச் சலுகைக்குக் கட்டுமானமே உண்டு. சந்திப்புக்குச் சற்று முன்பாகவே வளைந்து பிரியும் இடப்புறக் கிளைவழிகள் அவை. கிளைவழிக்கும் முதன்மைச் சாலைக்கும் நடுவில் முக்கோண வடிவில் ஒரு மண் திட்டு. அதில் ஒரு சிலையோ விளம்பரத் தட்டியோ. நடப்பவர் சிக்னல் உள்ள இடத்தை அடைவதற்கே முதலில் இந்தக் கிளைவழியைக் கடந்து அந்தத் திட்டில் ஏற வேண்டும். அங்கே விளக்கு கிடையாது. வளைவு அகலமாக இருப்பதால் வாகனங்கள் வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. சிக்னல் உள்ள சந்திப்புக்குள் சிக்னலே இல்லாத இன்னொரு சாலை என்பதுதான் இதன் பொருள்.

இது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் 2008-இல் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த போக்குவரத்து உள்கட்டமைப்பு மையம், தெரு வடிவமைப்பு வழிகாட்டு நெறிகளை வகுத்தபோதே இத்தகைய கிளைவழிகள் பாதசாரிகளுக்கு ஆபத்தானவை என்று கூறியது. தில்லி ஐஐடியின் போக்குவரத்து ஆய்வு மையத்தைச் சேர்ந்த தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோர் நடப்பவரையும் சைக்கிளில் செல்பவரையும் முன்வைத்தே சாலைகளைத் திட்டமிட வேண்டும் என்று பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தனர். மோகன் 2021-இல் கரோனா தொற்றுக்குப் பலியானார்.

தலைநகர் தேர்ந்தெடுத்த வழி வேறு. நாளிதழ் அலுவலகங்களும் காவல் துறையின் பழைய தலைமையகமும் சூழ்ந்த ஐடிஓ சந்திப்பில் 2018 அக்டோபரில் நடை மேம்பாலம் திறக்கப்பட்டது. பிரகதி மைதானம், மெட்ரோ நிலையம், அலுவலக வளாகங்கள் ஆகியவற்றை இணைக்கும் அப்பாலம் பலருக்குப் பயன்படுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால், அதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. வாகனம் தரையில் தடையின்றி ஓட வேண்டும். அதற்காக மனிதன் படியேறி வானத்தில் நடக்க வேண்டும். பேருந்துக்குத் தனித்தடம் என்று 2008-இல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 5.8 கிலோமீட்டருக்கு அமைந்த பாதை பிறகு இடித்து அகற்றப்பட்டதிலும் இதே தர்க்கம்தான் வென்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியில் கார் வைத்திருந்த குடும்பங்கள் ஐந்தில் ஒன்று. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 5 குடும்பங்கள்கூட இல்லை. தெருவின் சட்டத்தை எழுதுவதில் அந்த ஐந்தில் ஒரு பங்கின் குரலே ஓங்கி ஒலித்திருக்கிறது.

இந்தச் சலுகையின் மூலத்தைத் தேடினால் அமெரிக்காவில் போய் நிற்கிறது. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால், சிவப்பில் திரும்பும் சலுகை வலப்புறத்துக்கு. கலிஃபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில் முன்பே இருந்த இப்பழக்கம் நாடு முழுவதும் பரவியதற்குக் காரணம் சாலைப் பாதுகாப்பு அல்ல, பெட்ரோல். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்ததை அடுத்து, 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம், சிவப்பில் வலப்புறம் திரும்ப அனுமதிக்கும் மாநிலங்களுக்கே எரிபொருள் சேமிப்புக்கான மத்திய நிதியுதவி என்று நிபந்தனை விதித்தது. கடைசியாக மாசசூசெட்ஸ் 1980-இல் பணிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள், சலுகை வந்த இடங்களில் வலப்புறம் திரும்பும் வாகனங்கள் பாதசாரிகள் மீதும் சைக்கிளில் செல்வோர் மீதும் மோதுவது அதிகரித்ததைக் கண்டன. கூட்டம் மிகுந்த நியூயார்க் நகரம் மட்டும் பலகை வைத்த இடங்கள் தவிர வேறெங்கும் இதை அனுமதிக்கவே இல்லை. தலைநகர் வாஷிங்டனின் நகர மன்றம் 2022-இல் இச்சலுகையை முடிவுக்குக் கொண்டுவர வாக்களித்தது.

அமெரிக்காவிலும்கூட சட்டம் சொல்வது, முதலில் வாகனத்தை முழுமையாக நிறுத்த வேண்டும் என்பதே. நின்று, நடப்பவருக்கு வழிவிட்டு, பிறகே திரும்பலாம். கிழக்கு ஜெர்மனி 1978-இல் கொண்டுவந்த பச்சை அம்புப் பலகையும் அப்படித்தான். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கின் சட்டங்கள் பல மறைந்துபோயின. இந்தப் பலகை மட்டும் தப்பி 1994-இல் ஒன்றுபட்ட நாட்டின் போக்குவரத்து விதியில் இடம்பெற்றது. பலகை உள்ள சந்திப்பில் மட்டும், நின்ற பிறகு மட்டும் என்பது அங்கு விதி. இந்தியாவைப் போல இடப்புறம் வாகனம் ஓட்டும் சிங்கப்பூரிலும் அனுமதிப் பலகை உள்ள இடத்தில் மட்டுமே சிவப்பில் இடப்புறம் திரும்பலாம். போக்குவரத்து விதிகளில் இந்தியா பலவற்றை யாரிடமிருந்து பெற்றதோ, அந்த பிரிட்டனில் இந்தச் சலுகையே கிடையாது. ‘நில், பார், பிறகு போ’ என்ற மூன்று சொற்களில் முதலிரண்டையும் கழற்றிவிட்டு மூன்றாவதை மட்டும் இறக்குமதி செய்துகொண்ட பெருமை இந்திய நகரங்களையே சேரும்.

‘ஃப்ரீ லெஃப்ட்’டை ஆதரிப்போரின் வாதங்கள் முற்றிலும் பொருளற்றவை அல்ல. வாகன நெரிசலில் தில்லி மூச்சுத் திணறுகிறது. தேவையில்லாமல் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் புகை கக்குகிறது. இரவு 11 மணிக்கு ஆளரவமற்ற தொழிற்பேட்டைச் சந்திப்பில் ஒரு லாரி எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அத்தகைய இடங்களில் பச்சை அம்பு விளக்குக்கோ பலகைக்கோ இடமுண்டு. ஆனால், காற்று மாசுக்குத் தீர்வு நிற்காமல் ஓடுவதல்ல என்பதை தில்லி அரசே ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. 2020 அக்டோபரில் அன்றைய முதல்வர் அரவிந்த் கேஜரிவால் தொடங்கிவைத்த இயக்கம், சிவப்பு விளக்கில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடுங்கள் என்றுதான் மக்களைக் கேட்டுக்கொண்டது.

நேரம் மிச்சமாகிறது என்ற வாதமும் நடைமுறையில் பாதிக்கு மேல் கற்பனை. இந்திய நகரங்களில் இடப்புறத் தடம் இடப்புறம் திரும்புவோருக்கென்று ஒதுங்கியிருப்பதில்லை. நேரே செல்லும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் இ-ரிக்‌ஷாக்களும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தும் அதை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ‘ஃப்ரீ லெஃப்ட்’ பெரும்பாலும் ஹாரன் அடிக்கும் உரிமையாக மட்டுமே எஞ்சுகிறது.

நாடாளுமன்றம் இதைக் கவனிக்க ஒரு வாய்ப்பு 2019-இல் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் ஜூலை 23-இலும் மாநிலங்களவையில் ஜூலை 31-இலும் நிறைவேறியது. 184-ஆவது பிரிவில் ஆபத்தாக ஓட்டுதல் என்பதற்கு விளக்கம் சேர்க்கப்பட்டு, அதில் சிவப்பு விளக்கை மீறுவது முதலாவதாக இடம்பெற்றது. முதல் முறை குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். விவாதத்தில் மாநில உரிமைகளும் அபராதத் தொகையும் அலசப்பட்டன. பர்மிட், உரிமம் ஆகியவற்றில் மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது என்ற தமிழகக் கட்சிகளின் கவலையும் பதிவாகியது. அது நியாயமான கவலையே. ஆனால், சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்ட ‘சிவப்பு விளக்கை மீறுதல்’ இடப்புறம் திரும்புபவருக்கும் பொருந்துமா என்பதைச் சொல்லும் ஒரு வரி அந்த விளக்கத்தில் சேர்க்கப்படவில்லை. செப்டம்பர் 1-இல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்ததும், பழைய ஸ்கூட்டரின் விலையைவிட அபராதம் அதிகம் என்ற செய்திகள் நாட்டைக் கலக்கின. குஜராத் அரசு அதே மாதம் தொகையைக் குறைத்தது. மேற்கு வங்கம் அப்போது அமல்படுத்தவே மறுத்தது. எவ்வளவு அபராதம் என்ற சண்டையில், எதற்கு அபராதம் என்ற கேள்வி அடிபட்டுப் போனது.

அதே திருத்தம் 198ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் நிர்ணயித்த தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். விளக்கில்லாத கிளைவழியில் ஒருவர் அடிபட்டு இறந்தால் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஓட்டுநரைத் தண்டிப்பதில் காட்டும் வேகத்தில் கால் பங்கைக்கூட வடிவமைத்தவரிடம் காட்டுவதில்லை என்பதே நடைமுறை.

2024 டிசம்பரில் மக்களவையில் பேசிய துறை அமைச்சர் நிதின் கட்கரி, விபத்துகளைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு நிறைவேறவில்லை, மாறாக விபத்துகள் அதிகரித்துவிட்டன என்று ஒப்புக்கொண்டார். சாலை விபத்து பற்றிப் பேசும் சர்வதேச மாநாடுகளில் முகத்தை மறைத்துக்கொள்ளவே முயல்வதாகவும் அவர் வேதனைப்பட்டார். மத்திய அமைச்சர் ஒருவரிடமிருந்து இத்தகைய வெளிப்படையான பேச்சு அபூர்வம். ஆனால், வேதனை அறிவிக்கையாக மாற வேண்டும்.

அமைச்சகத்தை முந்திக்கொண்டு நீதிமன்றம் நகர்ந்திருக்கிறது. அதற்கு விதை போட்டவர் ஒரு தமிழர். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான், 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில் 2025 மே 14-இல் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 7-இல் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, பாதசாரிகள் தொடர்பாக 138(1ஏ) பிரிவின் கீழும், தேசிய நெடுஞ்சாலைகள் அல்லாத சாலைகளின் வடிவமைப்பு தொடர்பாக 210டி பிரிவின் கீழும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

நடைபாதை வாழ்வுரிமை என்றால், ஒரு நடைபாதை முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான அந்த 24 மீட்டரும் வாழ்வுரிமைதான். நடைபாதை மட்டும் பளிங்குபோல் அமைந்து, அதன் முனையில் விளக்குக்குக் கட்டுப்படாத வாகன வரிசை காத்திருந்தால் என்ன பயன்? மாநிலங்கள் வகுக்கும் விதிகளில் சந்திப்புகளும் இடம்பெற வேண்டும். ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில், அதாவது பள்ளி, மருத்துவமனை, சந்தை, ரயில் மற்றும் பேருந்து நிலையச் சுற்றுப்புறங்களில், இடப்புறக் கிளைவழிகளை மூடிவிடலாம். மூட முடியாதவற்றில் நடைபாதையின் உயரத்துக்குச் சாலையை மேடாக்கி வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். இவை கோடிகளை விழுங்கும் திட்டங்கள் அல்ல. ஒரு மேம்பாலத்தின் செலவில் நூற்றுக்கணக்கான சந்திப்புகளைச் சீரமைக்கலாம்; மேம்பாலத்துக்கு நடப்பதைப்போலத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் இதிலுள்ள ஒரே குறை.

நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு விளக்கு மீறலைப் படம்பிடிக்கும் கேமராக்கள் பெருநகரங்களில் பரவிவிட்டன. கேமராவுக்கு உள்ளூர்ப் பழக்கம் தெரியாது. பெங்களூரில் பலகையைப் பார்த்துத் திரும்பிப் பழகியவர் தில்லியில் அதே பழக்கத்தில் திரும்பினால் இ-சலான் வீட்டுக்கு வரும். எது குற்றம் என்பது மாநில எல்லையைத் தாண்டியதும் மாறுவது, ஒரே சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற ஓட்டுநருக்கும் இழைக்கப்படும் அநீதியே. சிவப்பு என்றால் எல்லாத் தடங்களுக்கும் நில். அம்பு விளக்கோ அட்டவணையில் சேர்க்கப்பட்ட பலகையோ இருக்கும் இடத்தில் மட்டும், முழுமையாக நின்று, நடப்பவரைப் போகவிட்ட பிறகு திரும்பலாம். விதிக்கு இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

இதற்காக மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, இரு அவைகளிலும் பெரும்பான்மை திரட்டி, மாநிலங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய வேலையும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, வாகனம் ஓட்டுவது பற்றிய ஒழுங்குமுறைகளை அரசிதழ் அறிவிக்கை மூலம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. 28 ஆண்டுகள் பழமையான ஒழுங்குமுறைகளை 2017 ஜூன் மாதம் மாற்றியபோது அமைச்சகம் பயன்படுத்தியது அந்தப் பிரிவைத்தான்.